பதினேழாவது குழியில் ஐந்து

நடேசன் ரப்பர்ஸ் ஆபீஸில் சனிக்கிழமை காலை ஆணி அடிக்கிற சத்தத்தோடு ஆரம்பித்தது.

அண்ணனும் தங்கையும் ஜப்பானிலிருந்து வந்து இறங்கியது வியாழக்கிழமைதான். அதற்குள் வீரராகவன் போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பொன்னிறச் சட்டம் பூட்டிக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளைத் தொப்பியும் கையில் கோல்ஃப் மட்டையுமாக அவர். பக்கத்தில் கம்பெனியின் ஜப்பான் வாடிக்கையாளர், எழுபது தாண்டிய மொரிகாவா. மொரிகாவாவுக்கு அந்தப் பக்கம் யாருடையதோ பாதித் தோள்.

அந்தத் தோள் கிருஷ்ணப்பிரியாவுடையது. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் வெட்டியிருப்பார். யாரை வெட்டலாம் என்று கடைக்காரருக்குச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

இந்தக் குடும்பத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரியவர் நடேசன் ஒற்றை மெஷினோடு ஆரம்பித்த கம்பெனி இது. இன்று அறுபது பேர் வேலை செய்கிறார்கள். கார் பிரேக்குக்குள் போகிற ரப்பர் வளையம் செய்கிறார்கள். பாதிக்குமேல் ஜப்பானுக்குப் போகிறது. கம்பெனி மகன் வீரராகவன் பேரில். ஜப்பான் மட்டும் மகள் கிருஷ்ணப்பிரியா தலையில். ஜப்பானிய மொழி படித்தவள் அவள்தான். பதினோரு வருஷமாகக் கடிதம், போன், வருகிற விருந்தாளிக்குச் சாம்பாரில் காரம் குறைப்பது உட்பட எல்லாம் அவள்தான். பங்கு என்று வாயெடுத்தால், "உனக்கில்லாததா பாப்பா?" என்பார் அப்பா. அந்த 'உனக்கில்லாததா' இதுவரை எந்தப் பத்திரத்திலும் ஏறியதில்லை. அவளும் தினமும் நெமிலிச்சேரியில் ரயிலேறி அம்பத்தூரில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பத்து மணிக்கு நஜீர் வந்தார். பூந்தமல்லிக்காரர். கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை அவருடையது. வீரராகவனின் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் கூட்டாளியும் அவரே. போட்டோவின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கலக்கிட்ட மாமே! ஸ்கோர் இன்னா?"

"ஸ்கோரை உடு. பதினேழாவது குழின்னு ஒண்ணு கீது. வருஷா வருஷம் பெரிய போட்டி நடக்கிற கிரவுண்டு அது. வர்றவன்ல பாதிப் பேரு அந்தக் குழியிலதான் கண்ணுல தண்ணி உட்டுட்டுப் போறானாம். நான் எத்தனை அடில முடிச்சேன் தெரியுமா? அஞ்சு!"

"அஞ்சா? சும்மா அளக்காத."

"அளக்கறேனா? கூடவே நடந்து வந்தா, அவளையே கேளு. பிரியா, எத்தனை?"

இரண்டாவது முறையாக அதே கேள்வி. மூலையில் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடேசனும் நிமிர்ந்து பார்த்தார். எழுபத்தெட்டு வயதிலும் சனிக்கிழமை தவறாமல் திருவேற்காட்டிலிருந்து வந்துவிடுவார்.

"அஞ்சுன்னுதான் எழுதியிருக்கு" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திறந்தாளே தவிர, மனசு அந்தப் புல்வெளிக்குப் போய்விட்டது.

அந்த கிளப்பின் வாசலில் பெயர்ப்பலகையே இல்லை. தெரிந்தவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்குப் பலகை எதற்கு? டோக்கியோவிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் போனார்கள். அந்த இடத்தில் உறுப்பினராக மொரிகாவா பதினான்கு வருஷம் காத்திருந்தாராம். வெளியாள் யாரும் தானாக உள்ளே கால் வைக்க முடியாது. உறுப்பினர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். வாசல் புத்தகத்தில் மொரிகாவா தன் பெயரை எழுதி, அதன் கீழே வீரராகவன் பெயரைத் தானே எழுதினார். விருந்தாளி அங்கே நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் மேலே இருக்கிற பெயருக்குத்தான் போய்ச் சேரும். கிருஷ்ணப்பிரியா இதை அண்ணனிடம் தமிழில் சொன்னாள்.

"நம்ம ஊர் கல்யாணம் மாதிரி. யார் வீட்டு ஆளுன்னு கேப்பாங்க" என்று சிரித்தார் அவர்.

அன்று அவருக்கு எல்லாமே வேடிக்கைதான். உள்ளே நுழையக் கோட்டு போட வேண்டும் என்பது வேடிக்கை. ஒன்பது குழி முடிந்ததும் எல்லோரும் மட்டையை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுவது வேடிக்கை. கடைசியில் எல்லா ஆண்களும் ஒரே தொட்டியில் துணியில்லாமல் குளிக்க வேண்டும் என்று தெரிந்தபோது மட்டும் சிரிப்பு நின்றுபோய், தனக்கு ஜலதோஷம் பிடித்திருப்பதாகத் தங்கையை மொழிபெயர்க்கச் சொன்னார்.

ஆனால் அவள் அந்த இடத்தை வேடிக்கை பார்க்கவில்லை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கோல்ஃப் விதிப் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் வாங்கி வைத்துப் படித்தாள். விளையாடத் தெரியாவிட்டாலும் பேசத் தெரிய வேண்டாமா? முன்னால் வெள்ளைத் துணி கட்டிய தொப்பியோடு, ஆடுகிறவர்களுக்கு மட்டை எடுத்துக் கொடுக்கிற கேடி அம்மாள் ஒருத்தி நடந்தாள். ஐம்பது வயதிருக்கும். தோளில் மணல் பை. மட்டை பட்டுப் புல் பெயர்ந்த இடத்திலெல்லாம் குனிந்து மணல் போட்டு, காலால் மெதுவாக அழுத்திவிட்டு வந்தாள். வீரராகவன் பின்னால் அவளுக்கு வேலை அதிகம். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

மொரிகாவா கிருஷ்ணப்பிரியாவோடு பேசிக்கொண்டே நடந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நினைவுபடுத்தினார். அப்போது ஒரு லாட் சரக்கு பழுதோடு போயிருந்தது. கப்பல் போய்ச் சேருமுன் அவளே எழுதிவிட்டாள்: 'எங்கள் தவறு. பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.' அதற்காக வீரராகவன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. மொரிகாவாவோ அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தார். நடேசன் ரப்பர்ஸ் பெட்டிகளை ஜப்பானில் யாரும் பிரித்துச் சோதிக்க வேண்டாம். கூட வருகிற சோதனை ரிப்போர்ட்டில் கிருஷ்ணப்பிரியா கையெழுத்து இருந்தால் நேரே பிரேக் பூட்டுகிற இடத்துக்குப் போகலாம். வேறெந்த நாட்டு சப்ளையருக்கும் அவர்கள் அந்த மரியாதை கொடுக்கவில்லை.

பங்கில்லாத கம்பெனியில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு சொத்துதான்.

பதினேழாவது குழியில் வீரராகவன் அடித்த முதல் பந்து இடதுபக்க மரங்களுக்குள் போய், வேருக்கு அடியில் சொருகிக்கொண்டது. அங்கிருந்து அடிக்கவே முடியாது. அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஷூ நுனியால் பந்தை ஒரு தட்டு. பந்து உருண்டு வந்து நல்ல புல்லில் அழகாக உட்கார்ந்தது.

எஸ்டேட் முதலாளிகளின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அது சர்வ சாதாரணம். வேரில் மாட்டினால் நகர்த்திக்கொள்ளலாம், யாரும் எண்ண மாட்டார்கள். நான் உனக்கு விடுகிறேன், நீ எனக்கு விடு. ஆனால் அந்த ஊர் விதிப் புத்தகத்தில் அதற்கு இரண்டு அடி தண்டம். அண்ணனுக்கு அது தெரியாது, பாவம், பழக்க தோஷம் என்றுதான் அவள் நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள்.

அவள் பார்த்தாள். கேடி அம்மாள் பார்த்தாள். மொரிகாவாவும் பார்த்தார், பார்த்துவிட்டு, மரத்தில் ஏதோ பறவையைத் தேடுகிறவர்போல முகத்தை மேலே திருப்பிக்கொண்டார்.

அங்கிருந்து மணல் பள்ளத்துக்கு ஒன்று, மேலே ஏற்ற ஒன்று, குழிக்குள் உருட்ட இரண்டு. முதல் அடியோடு சேர்த்து ஐந்து. தண்டத்தோடு ஏழு.

"ஃபைவ்!" என்று கையை விரித்துக் காட்டினார் வீரராகவன்.

மொரிகாவா அட்டையில் பென்சிலை வைத்தார். எழுதவில்லை. வீரராகவனிடம் கேட்காமல் கிருஷ்ணப்பிரியாவின் பக்கம் திரும்பி, "எத்தனை?" என்று கேட்டார்.

அந்த ஒரு நொடியில் அவள் காதில் கேட்டது அப்பாவின் குரல். ஏர்போர்ட்டில், கார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னது: "ஊருவிட்டு ஊரு போறீங்க. நாலு பேருக்கு முன்னாடி அண்ணனை மட்டும் விட்டுக்குடுத்துடாத பாப்பா."

"ஐந்து" என்றாள்.

கேடி அம்மாள் குனிந்து, பெயராத புல்லில் மணல் போட்டாள். மொரிகாவா நிதானமாக ஐந்து என்று எழுதினார். அவளுக்கு நன்றி சொன்னார். மாலையில் விடைகொடுக்கும்போது அவளுக்கு மிக ஆழமாகக் குனிந்து வணங்கினார். பதினோரு வருஷமாகத் தலையை லேசாக ஆட்டிச் சிரிக்கிற மனிதர். அப்படிக் குனிந்து அவர் அந்நியர்களைத்தான் வணங்குவார். வழி முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அண்ணனோ விமானத்தில் வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

"இன்னா பிரியாம்மா, ஊரு சுத்தி வந்தவ மூஞ்சி இப்டி செத்துப்போய் கீது?"

மேஜைக்கு எதிரே கன்னியம்மாள் நின்றிருந்தாள். இன்ஸ்பெக்ஷன் மேஜையில் இருபது வருஷமாக உட்காருகிறவள். கையில் தட்டு நிறைய ரப்பர் வளையங்கள்.

"ஒண்ணுமில்ல, சொல்லுங்க."

"இத்த இஸ்து பாரு."

கிருஷ்ணப்பிரியா ஒரு வளையத்தை எடுத்து இழுத்தாள். பார்வைக்குப் பழுதில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது.

"நீங்க அங்க இருக்கசொல்ல, செவ்வாக்கெழமை ஓட்டினது. ஓவன் சூடு நிக்கல. நிறுத்துங்கடான்னு நானே கத்தினேன். உங்க அண்ணாத்தே அங்கேர்ந்து போன்லயே 'ஓட்டு, ஓட்டு'ன்ட்டாரு. நூறு எடுத்து இஸ்தேன், ஒம்போது புட்டுக்கிச்சு."

"மொத்தம் எவ்வளவு?"

"நாலாயிரம். பெட்டி கட்டிட்டானுங்க. நாலு மணிக்கு லாரி. நான் கையெழுத்து போட மாட்டேன்னு சொல்ட்டேன். பிரேக்குல போற சாமான் பிரியாம்மா. எவன் ஊட்டுப் புள்ளையோ அந்தக் காருல போவும்."

"நான் பேசறேன்" என்றாள் கிருஷ்ணப்பிரியா. தட்டைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மெயில் வந்திருந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததுமே உட்காராமல் நின்றபடியே திறந்தாள். இத்தனை வருஷமும் மொரிகாவா தானே எழுதுவார். முதல் வரியில் அவர்கள் ஊர் மழையைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ இருக்கும். இது அவருடைய அலுவலகத்திலிருந்து வந்தது. மழை இல்லை, வெயில் இல்லை.

'அடுத்த மாதம் முதல் தேதிக்குப் பிறகு தங்களிடமிருந்து கிளம்பும் எல்லாப் பெட்டிகளும் எங்கள் வாசலில் பிரித்துச் சோதிக்கப்படும். ரிப்போர்ட்டில் தனிக் கையெழுத்து இனித் தேவையில்லை. பயணக் களைப்பு தீர்ந்திருக்கும் என்று நம்புகிறோம்.'

ஆர்டரை நிறுத்தவில்லை. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. இனிமேல் உன் சொல்லை நம்ப மாட்டோம் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமா? மொரிகாவாவுக்கு எண்ணிக்கை தெரியாமல் இல்லை. கண்ணால் பார்த்தவர். அவர் கேட்டது அண்ணனின் ஆட்டத்தைப் பற்றியே இல்லை. எட்டு வருஷமாகத் தான் நம்பிய கையெழுத்து எப்படிப்பட்டது என்று கேட்டார். அவளும் பதில் சொல்லிவிட்டாள்.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

மூன்றரை மணிக்கு வீரராகவன் ஒரு தாளோடு வந்தார். பின்னால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடேசனும் வந்து, அவளுடைய எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு கையெழுத்து பிரியா. லாரி நிக்குது."

"நூத்துக்கு ஒம்போது விரிசல் விடுதுண்ணா."

"தொண்ணூத்தொண்ணு நல்லாத்தானே இருக்கு? அந்தக் கன்னியம்மா இழுக்கிற இழுப்புல இரும்பே அறுந்துடும். போடு."

"மெயில் வந்திருக்கு. அடுத்த மாசத்துலேருந்து எல்லா பெட்டியையும் அவங்க பிரிச்சுப் பாப்பாங்களாம். என் கையெழுத்து வேண்டாமாம்."

வீரராகவன் ஒரு கணம் யோசித்தார். ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"அடுத்த மாசத்துலேருந்துதானே? அப்ப இந்த லாட்டைப் பிரிக்க மாட்டாங்க. இதை எப்படித் தள்ளுறதுன்னுதான் மண்டைய உடைச்சிட்டு இருந்தேன். நல்ல வேளை, போடு."

"என்னால முடியாதுண்ணா."

"ஏன் முடியாது? அங்க முடிஞ்சுதே." வீரராகவன் மேஜையில் கையூன்றிக் குனிந்தார். குரல் அன்பாகத்தான் இருந்தது. "மரத்தடியில நான் பந்தை நகத்தினேன். நீ பாத்தே. நீ பாத்ததை நானும் பாத்தேன். அவரு கேக்கும்போது நீ ஏழுன்னு சொல்லிடுவியோன்னு பயந்தே போயிட்டேன். அஞ்சுன்னே பாரு! அப்பவே எனக்குத் தெம்பு வந்துடுச்சு. எட்டு வருஷம் முன்னாடி பண்ண மாதிரி இனி பண்ண மாட்டா, நம்ம பிரியா நம்ம பக்கம் வந்துட்டான்னு."

ஏழு என்று அவரே சொன்னார்.

தெரியாமல் செய்தார், பழக்க தோஷம் என்று மூன்று நாளாக அவள் கட்டி வைத்திருந்த சமாதானமெல்லாம் அந்த ஒரு சொல்லில் பொடியாய்ப் போயிற்று. விதி அவருக்குத் தெரிந்திருக்கிறது. தண்டம் தெரிந்திருக்கிறது. தங்கை பொய் சொல்வாள் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அதையும் அங்கே தெரிந்துகொண்டு வந்துவிட்டார். வேலிக்கு ஓணான் சாட்சி. ஓணான் யார்? அவள்தான். 

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். மொரிகாவாவின் சொந்த விலாசத்தை எடுத்தாள். தட்டத் தொடங்கினாள்.

"என்ன அடிக்கிறே?" என்றார் வீரராகவன். திரையில் இருந்த எழுத்து அவருக்குக் கோலம் மாதிரிதான்.

"பதில்."

"எதுக்கு?"

"மொரிகாவா சார் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. அதுக்கு."

"என்ன கேள்வி?"

"பதினேழாவது குழியில எத்தனைன்னு."

"அதான் அன்னிக்கே சொல்லியாச்சே! பிரியா... ஏய், என்ன பண்றே?"

"ஏழுன்னு எழுதியிருக்கேன். நான் பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன்னும் எழுதியிருக்கேன்."

பட்டனை அழுத்தினாள். மெயில் போய்விட்டது. நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை. உடைந்தது உடைந்ததுதான் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கேட்டவருக்குப் பதில் போக வேண்டாமா?

நடேசனின் கைத்தடி தரையில் தட்டியது.

"விட்டுக்குடுத்துட்டியே பாப்பா" என்றார். "கூடப் பொறந்தவனை ஒரு வெளிநாட்டுக்காரன்கிட்ட விட்டுக்குடுத்துட்டியே."

"ஆமாப்பா. அன்னிக்கு அங்கேயே செஞ்சிருக்கணும்."

"உனக்கு இங்க என்ன குறை வெச்சோம்?"

அவள் சுவரைப் பார்த்தாள். பொன்னிறச் சட்டத்துக்குள் பாதித் தோள். "ஒரு குறையும் இல்லப்பா. சட்டம்தான் பத்தலை."

வீரராகவன் கத்துவார் என்று நினைத்தாள். தாளைக் கிழிப்பார், அல்லது அவளை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தாள். அவர் அதில் எதையும் செய்யவில்லை. அவளுடைய பேனா ஸ்டாண்டிலிருந்து அவள் வழக்கமாக எழுதும் நீலப் பேனாவை எடுத்தார். ரிப்போர்ட்டை நஜீர் அனுப்பிய அட்டையின் மேல் வைத்துக்கொண்டார். நின்றபடியே அவள் கையெழுத்தைப் போட்டார்.

கிருஷ்ணப்பிரியா. முதலெழுத்தில் அந்த வளைவு, கடைசியில் அந்தச் சின்னப் புள்ளி. ஒரு தடுமாற்றம் இல்லை. பதினோரு வருஷமாகப் பார்த்த கையெழுத்து. போட்டுப் பழகியிருந்தாலொழிய இவ்வளவு சுத்தமாக வராது.

"இந்த மாசம் முடியிற வரைக்கும் இது செல்லுமில்ல?" என்றார் மெதுவாக. தாளை உறையில் போட்டு டிரைவரிடம் கொடுக்கப் போய்விட்டார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவரும் அதைக் கண்ணால் பார்த்தவர். நடேசன் தலையைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே எஸ்டேட் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பேரில் இன்று மொரிகாவாவுக்கு இரண்டு பதில்கள் போகின்றன. ஒன்று மெயிலில் போய்விட்டது. மற்றது லாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் எதை நம்புவார்?

கீழே இன்ஜின் உறுமியது. படியில் தடதடவென்று ஏறி வந்த கன்னியம்மாள் வாசற்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"பிரியாம்மா, நீ கையெழுத்து போட்டுட்டேன்னு உங்க அண்ணாத்தே சொல்றாரு. நான் நம்பல. வண்டி கேட்டாண்ட வந்துட்ச்சு. வாட்ச்மேன் நான் சொன்னா நிறுத்துவான். நிறுத்தட்டா, உட்டுடட்டா? நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு."

நடேசன் ஜன்னலிலிருந்து திரும்பி மகளைப் பார்த்தார்.